எந்தப் படத்தை டிபியாக வைப்பது?

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். ஆறு மாதமாக மின்னஞ்சலிலும் லிங்க்ட்இனிலும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே வந்திருந்தார். நேரே போய் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார், சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். பெயரைச் சொன்ன பிறகுதான், "அட, நீங்கதானா! டிபியில வேற ஆள் மாதிரி இருந்தீங்களே" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அந்தப் படம் எட்டு வருடப் பழசு. அதில் எனக்கு நெற்றி சின்னது, கண்ணாடி கிடையாது, தாடியும் கிடையாது.

அன்று இரவே மாற்றிவிடலாம் என்று போனை எடுத்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது இரண்டு வாரம் இழுத்தது. கையில் ஐந்து படங்கள் இருந்தன. நானே எடுத்த செல்ஃபி ஒன்று. ஸ்டூடியோவில் கோட்டு போட்டு எடுத்தது ஒன்று. நண்பர் வீட்டு விழாவில் யாரோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்தது ஒன்று. ஒரு செயலி வரைந்து கொடுத்த ஓவியம் ஒன்று. அப்புறம், முகமே வேண்டாம், பேசாமல் கடலையும் வானத்தையும் வைத்துவிடலாம் என்று தோன்றினால் இருக்கட்டும் என்று ஒரு சூரிய அஸ்தமனம். உங்கள் போனிலும் ஏறக்குறைய இதே ஐந்துதான் இருக்கும். அதனால் நான் போட்ட கணக்கு உங்களுக்கும் உதவலாம்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் அதைத் திரை முழுக்க விரித்து வைத்துப் பார்க்கிறோம். வேறு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அரட்டைப் பட்டியலில் அது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். யூடியூப் 800க்கு 800 பிக்சலில் படத்தை ஏற்றச் சொல்கிறது. காட்டுவதோ 98க்கு 98இல். அதையும் வட்டமாக நறுக்கித்தான் காட்டும். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் பரப்பளவில் 21 சதவீதத்துக்கு மேல் நான்கு மூலைகளோடு போய்விடுகிறது. அழகாக இருக்கிறதே என்று மூலையில் விட்டுவைத்த பூந்தொட்டி, பக்கத்தில் நின்றவரின் பாதி முகம், பெயர்ப்பலகை எல்லாம் காலி.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. படத்தைக் கட்டை விரல் நகம் அளவுக்குச் சுருக்கி, போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்று பாருங்கள். நான் பார்த்தபோது கடற்கரைப் படம் ஆரஞ்சு நிறப் பொட்டாகிவிட்டது. மலை உச்சியில் கையை விரித்து நிற்கிற படங்களுக்கும் இதே கதிதான். மலை தெரியும், ஆள் எறும்பு. ஓவியத்தில் செயலி இழைத்து இழைத்து வரைந்திருந்த முடிக்கற்றைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. செல்ஃபி, ஸ்டூடியோ, குரூப் போட்டோத் துண்டு மூன்றும் தேறின. மூன்றிலும் தலையும் தோளும்தான் படம் என்பதுதான் காரணம்.

அளவு தேறினால் அடுத்த கேள்வி, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது. நம்மை ஏற்கெனவே தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 2011இல் ராப் ஜென்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இதை அழகாகக் காட்டினார்கள். நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பேரின் படங்கள், ஆளுக்கு 20 வீதம் மொத்தம் 40 அட்டைகள். எத்தனை பேர் என்று சொல்லாமல், ஆள் வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். அந்த முகங்களைப் பார்த்தே இராத பிரிட்டன்காரர்கள் ஏழெட்டு அடுக்காகப் பிரித்தார்கள். அதாவது இரண்டு பேரை ஏழெட்டுப் பேராக நினைத்தார்கள். அதே அட்டைகளை டச்சுக்காரர்களிடம் கொடுத்தபோது பெரும்பாலோர் இரண்டே அடுக்காக வைத்துவிட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் என்னைத் தேடியவரின் நிலை பிரிட்டன்காரர்களின் நிலை. என் அக்காவுக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும், பாதி முகம் இருட்டில் இருந்தாலும், நான்தான் என்று தெரியும். அவளைப் பொறுத்தவரை டிபி அலங்காரம். தெரியாதவருக்கு அது அடையாள அட்டை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும், எனக்கும், தேர்வு இவ்வளவு இழுக்கிறது.

தெரியாதவர் எவ்வளவு நேரம் பார்ப்பார்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்ஸாண்டர் தோதோரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களை வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளேயே பார்த்தவர்கள் இவர் நம்பகமானவர், இவர் திறமைசாலி என்று முடிவுகட்டிவிட்டார்கள். நேர வரம்பே இல்லாமல் பார்த்தவர்களின் முடிவும் பெரும்பாலும் அதையொட்டியே இருந்தது. கூடுதல் நேரம் கொடுத்தால் தங்கள் கணிப்பின்மேல் அவர்களுக்கு நம்பிக்கைதான் கூடியது. இதே தோதோரோவ் 2014இல் இன்னொன்றையும் காட்டினார்: ஒரே ஆளின் வெவ்வேறு படங்கள் வெவ்வேறு அபிப்பிராயங்களைக் கிளப்புகின்றன. முதல் பார்வையில் எழும் அபிப்பிராயம் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எழுந்துவிடும். அதனால் தெரியாதவர் பார்க்கும் இடத்துக்கு எந்தப் படம் என்பதில் கொஞ்சம் மெனக்கெடலாம்.

சரி, செல்ஃபிக்கு வருவோம். எல்லோரும் முதலில் நாடுவது அதைத்தான். யாரையும் கேட்க வேண்டாம், வெட்கப்பட வேண்டாம், நாற்பது எடுத்து முப்பத்தொன்பதை அழிக்கலாம். ஆனால் கை நீளம்தான் அதன் பிரச்சினை. கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் லென்ஸுக்குக் காதைவிட மூக்கு வெகுவாக நெருங்கிவிடுகிறது. நெருங்கியது பெரிதாகத் தெரியும். 2018இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இதைக் கணக்கிட்டது. 12 அங்குலத் தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கின் அகலம், 5 அடியிலிருந்து எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் வருகிறவர்களால்தான் இந்தக் கணக்கே தேவைப்பட்டது. மூக்கில் ஒன்றுமில்லை, தூரத்தில்தான் கோளாறு.

இதில் கேமராவின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு விலை உயர்ந்த போனானாலும் ஒரு அடியிலிருந்து பார்த்தால் மூக்கு அப்படித்தான் தெரியும். அதே போனை யாரிடமாவது கொடுத்து, ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் முகம் தன் அளவுக்கு வந்துவிடும். ஆள் இல்லையென்றால் போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து டைமர் போடலாம். நான் போட்டேன். பத்து விநாடிக்குள் ஓடிப்போய் நின்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது தனிப் பயிற்சி.

செல்ஃபியில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. முன்பக்கக் கேமரா நம்மைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றித்தான் திரையில் காட்டும். நமக்கு நம் முகம் பழகியதே கண்ணாடி வழியாகத்தான். அதனால் அந்தத் திருப்பிய முகம் நமக்குப் பிடிக்கிறது. மற்றவர் எடுத்த படம் ஏதோ கோணலாகத் தெரிகிறது. 1977லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெண்களிடம் அவர்களுடைய படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டியபோது, அவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம் பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கு நேர்ப்படம் பிடித்தது. அவரவர் தினமும் பார்ப்பது அவரவருக்கு அழகு. "இதுல நான் நானாவே இல்ல" என்று நாம் ஒதுக்குகிற படம், மற்றவர்களுக்கு நம்மை அப்படியே காட்டுகிற படமாக இருக்கலாம்.

ஸ்டூடியோ படத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. தூரம் சரி, வெளிச்சம் சரி, பின்னணி சுத்தம். லிங்க்ட்இனுக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கும் இதைவிட வசதியான படம் கிடைக்காது. என் படத்தில் குறை என்னவென்றால், அந்தக் கோட்டு. கோட்டு போடுகிற வேலை இல்லை என்னுடையது. வாழ்நாளில் மூன்று தடவை போட்டிருப்பேன். அதற்குள் நான் இரவல் வாங்கிய ஆள் மாதிரி இருந்தேன், கழுத்தும் விறைத்திருந்தது. வேலைக்கு எதை உடுத்திப் போகிறோமோ அதைத்தான் ஸ்டூடியோவுக்கும் உடுத்திப் போயிருக்க வேண்டும். அங்கே பளபளவென்று துடைத்துத் தரும் பழக்கமும் உண்டு. தோலில் ஒரு துளை, ஒரு கோடு மிஞ்சாது. "டச்சப் வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. மச்சத்தை எடுத்துவிட்டால் நேரில் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

உண்மையில் ஸ்டூடியோவில் நமக்குக் கிடைப்பது முக்கியமாக வெளிச்சம்தான், அது ஜன்னலோரத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தலைக்கு நேர்மேலே எரியும் விளக்கின் கீழ் நின்றால் புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழும். ஒரு வாரம் தூங்காதவர் போலத் தெரிவோம். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, நேர்வெயில் விழாத ஜன்னலைச் சற்றுச் சாய்வாகப் பார்த்து நின்றால் போதும். ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் மெல்லிய நிழலாகவும் வரும். போர்ட்ரெய்ட் மோடு போட்டால் மட்டும் விளிம்புகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று என் கண்ணாடிக் காம்பில் பாதியையும் காது மடலையும் சேர்த்தே கரைத்துவிட்டது.

மூன்றாவது, குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. இதை நான் ஒப்புக்கு ஒன்று என்றுதான் சேர்த்தேன். இடது தோளில் யாருடையதோ ஒரு கை இருந்தது, எவ்வளவு வெட்டினாலும் நான்கு விரல் மிஞ்சியது. ஆனால் இந்த வகைப் படத்துக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: எடுக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் இருந்திருப்போம். யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்திருப்போம். அந்தச் சிரிப்பில் கண்ணும் சேர்ந்து சுருங்கியிருக்கும். "சிரிங்க" என்று சொல்லி வரவழைக்கும் சிரிப்பில் பெரும்பாலும் பல் மட்டும்தான் தெரியும்.

பலவீனம், தெளிவு. பன்னிரண்டு பேர் நிற்கிற படத்தில் நம் முகத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் பிக்சல்கள். அந்தப் படமும் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்திருந்தால் சுருங்கியிருக்கும். வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். எடுத்தவரையே கண்டுபிடித்து, மூலப் படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் படம் சுருங்காமல் வரும். லிங்க்ட்இன் குறைந்தது 400க்கு 400 கேட்கிறது; அதற்கு மேல் தேறுகிறதா என்று வெட்டிய பிறகு பாருங்கள். எனக்கு மூலப் படம் கிடைக்க நான்கு நாள் ஆனது. எடுத்தது யார் என்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. நானே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்ததால், முகம் தெரிகிற மூன்று படங்களையும் வேறு சிலருக்கு அனுப்பிக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. என் தேர்வு செல்ஃபி. அக்காவின் பதில் உடனே வந்தது: "டேய், செல்ஃபில கடன் கேட்க வந்தவன் மாதிரி இருக்க." கோட்டுப் படத்துக்கு, "யாருக்குடா பொண்ணு பார்க்கிறோம்?" குரூப் போட்டோத் துண்டுக்கு ஒன்றும் சொல்லாமல், "இது எப்ப எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள். பழைய நண்பன் மூன்றையும் பார்த்துவிட்டு எல்லாமே நன்றாக இருக்கிறது என்றான். நண்பர்களிடம் கேட்டால் இதுதான் கிடைக்கும். கடைசியாக, அந்த நண்பனின் அலுவலகத்தில் என்னை அறியாத இரண்டு பேரிடம் காட்டச் சொன்னேன். "இதில் யாரிடம் போய் வழி கேட்பீர்கள்?" என்பதுதான் கேள்வி. இருவருமே நான்கு விரல் உள்ள படத்தைக் காட்டினார்களாம். என் செல்ஃபிக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, என்னுடையதைத் தவிர.

எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை இது. 2017இல் டேவிட் ஒயிட் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில் 102 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஃபேஸ்புக் கணக்கிலிருந்து 12 படங்களை எடுத்து, எதை எந்தத் தளத்தில் வைப்பார்கள் என்று தரம் பிரித்தார்கள். அதே வேலையை முன்பின் தெரியாதவர்களும் செய்தார்கள். பிறகு வேறு சிலரிடம் காட்டியபோது, அவரவர் தேர்ந்தெடுத்த படங்களைவிட அந்நியர்கள் தேர்ந்தெடுத்த படங்களே நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கின. நம் முகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது அதிகம். அதுதான் இடைஞ்சலும். நான் செல்ஃபியில் பார்த்தது தாடி சரியாக வந்திருக்கிறதா என்பதை. அந்த இருவர் பார்த்தது, இந்த ஆளிடம் பேசலாமா என்பதை.

ஆக, தெரியாதவர் பார்க்கும் இடமென்றால் என் தீர்ப்பு இது: இன்னொருவர் எடுத்து, இன்னொருவர் பொறுக்கிய, இந்த வருடத்து முகம். அது ஸ்டூடியோவா குரூப் போட்டோவா என்பது இரண்டாம்பட்சம்.

முகமே வேண்டாம் என்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்களைப் பார்த்து "ஏன் ஒளிஞ்சிக்கிறீங்க" என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பொதுவில் வைத்த படம் யாருக்கும் திறந்த படம். ஒரு படத்தைக் கொடுத்து அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் வசதி கூகுளில் 2011இலிருந்தே உண்டு. கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் சமூக ஊடகங்களிலிருந்து கோடிக்கணக்கான முகங்களை அள்ளி, முகத்தைக் கொடுத்தால் ஆளைச் சொல்லும் கருவியை உருவாக்கியிருந்தது 2020 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. இவ்வளவு தொழில்நுட்பமும் தேவையில்லை. உங்கள் பெயரையும் டிபியையும் ஒரு புது எண்ணில் போட்டு, "இது என் புது நம்பர், அவசரமா கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா" என்று உங்கள் உறவினரிடம் கேட்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். பெண்களுக்கு இதற்கு மேலும் காரணங்கள் உண்டு. அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பூவும் சூரியனும் அதற்குத் தீர்வா என்றால், அரைத் தீர்வு. என்னை ஒரு குழுவில் சேர்த்தபோது அதில் நாலு பேர் சூரிய அஸ்தமனம் வைத்திருந்தார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடமே அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்த பிறகுதான் இது வேறு சூரியன் என்று தெரிந்தது. மறைந்திருக்கலாம், ஆனால் கூட்டத்தில் தொலைந்துபோகிற படத்தால் பயனில்லை. முகத்தைக் காட்ட விருப்பமில்லாதவர் தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஏதாவது ஒன்றை வைத்தால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து வருடமாக ஒரு சிவப்பு சைக்கிள் மணியை வைத்திருக்கிறார். சிவப்பு வட்டம் தெரிந்தாலே அவர்தான். தையல் மெஷினின் சக்கரம், எழுதுகிற கை, முதுகைக் காட்டி நிற்கிற உருவம் என்று எதுவானாலும் சரி, எளிமையாக, ஒரே நிறம் மேலோங்கியதாக இருக்க வேண்டும். முக்கியமாக, மாற்றாமல் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் படத்தை வைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அந்த முகம் உங்களுடையதில்லை. நடிகர் படம், கார்ட்டூன் பாத்திரம் வைப்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் அதே படத்தை இன்னும் ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள். லிங்க்ட்இனில் இதெல்லாம் செல்லாது. கணக்கு வைத்திருப்பவரின் உருவம் படத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

வாட்ஸ்அப்பில் ஒரு நடுவழி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், புரொஃபைல் போட்டோவை 'என் தொடர்புகள்' மட்டும் பார்க்கும்படி வைத்துவிடலாம். நீங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு முகம், மற்றவர்களுக்குச் சாம்பல் நிற உருவம். ஃபேஸ்புக்கில் இது நடக்காது. இப்போது வைத்திருக்கும் டிபி எல்லோருக்கும் தெரியும் பொதுப் படம். பழைய டிபிக்களும் ஆல்பத்தில் வரிசையாகக் கிடக்கும். மாற்றிவிட்டால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் என்னுடைய பதின்மூன்று பழைய அவதாரங்கள் அங்கே இருந்தன, அதில் இரண்டு மன்னிக்க முடியாதவை. பழையவற்றை ஒவ்வொன்றாக 'நான் மட்டும்' என்று மாற்றி வைக்கலாம்.

ஒன்றுமே வைக்காமல் விட்டால்? ட்விட்டர் 2010இலிருந்து படம் வைக்காதவர்களுக்கு ஒரு முட்டையைக் கொடுத்திருந்தது. குஞ்சு பொரிக்கக் காத்திருக்கும் பறவை என்ற குறும்பு. நாளடைவில், வம்புக்கென்றே கணக்கு திறந்தவர்கள் படம் வைக்கச் சோம்பல்பட்டு முட்டையாகவே இருந்ததால், முட்டை என்றாலே வசவு என்றாகிவிட்டது. 2017இல் அதை எடுத்துவிட்டுச் சாம்பல் உருவத்தை வைத்தார்கள். காலி வட்டத்தைப் பார்க்கிறவர் மனதில் இன்றும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் எழத்தான் செய்கிறது. வெறுமனே படிப்பதற்காக வைத்திருக்கும் கணக்கென்றால் காலியாகவே இருக்கட்டும், ஒரு நஷ்டமும் இல்லை.

கடைசியாக, ஓவியம். 2022இன் இறுதியில் லென்சா என்ற செயலி பிரபலமாகி எல்லோரையும் விண்வெளி வீரராகவும் அரசியாகவும் வரைந்து தள்ளியது. 2025 மார்ச்சில் ஜப்பானிய அனிமேஷன் பாணி வந்தபோது என் பட்டியலில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல ஆகிவிட்டார்கள். யார் யார் என்று தெரியாமல் நான் ஒரு வாரம் பெயரைப் படித்துப் படித்துத்தான் பேசினேன். பத்து நாளில் அலுத்து எல்லோரும் பழைய முகத்துக்குத் திரும்பினார்கள். எனக்குச் செயலி வரைந்து கொடுத்ததில் கண்ணும் மூக்கும் என்னுடையவை. தாடை மட்டும் வேறு யாருடையதோ, நல்ல தாடை. அந்தத் தாடையை நம்பி நேரில் வருகிறவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

படம் போலவே இருக்கும் செயற்கை முகங்களில் சிக்கல் இன்னும் பெரிது. 2022இல் சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரித் இருவரும் நடத்திய ஆய்வில், உண்மை முகம் எது, கணினி உருவாக்கியது எது என்று கேட்டபோது பார்த்தவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 48 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட 50 கிடைத்திருக்கும். இப்படி ஆகிவிட்டதால், மாசு மருவில்லாத முகத்தைப் பார்த்தாலே இப்போது சந்தேகம் வருகிறது. அளவுக்கு மீறி ஃபில்டர் போட்ட நிஜ முகமும் அந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு, ஓவியம் வரையச் சொல்வதற்கு நாம் நம் முகப் படத்தையே அந்தச் செயலிக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முகத்தை மறைக்க ஓவியம் வைக்கிறேன் என்கிறவர் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ஒரு மனிதர் கையால் வரைந்த ஓவியம் வேறு கதை. புனைபெயரில் எழுதுகிறவருக்கும் விளையாட்டுத் தளங்களில் உலவுகிறவருக்கும் அதைவிட நல்ல டிபி கிடையாது. முகமும் மறைகிறது, வேறு யாரிடமும் அதே படம் இல்லை. வரைந்தவரிடம் டிபியாக வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டால் போதும். அந்தப் படத்தை சொந்தப் பெயரில் இருக்கும் கணக்கில் மட்டும் தவறியும் வைத்துவிடாதீர்கள். படத்தை வைத்துத் தேடினால் இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். வேலைக்காக உங்களைத் தேடுகிறவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரே படத்தை வையுங்கள். பெயர் பொதுவான பெயராக இருந்தால் இது ரொம்பவே உதவும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்குப் பெரிய விதி ஒன்றும் இல்லை. கண்ணாடி, தாடி, தலைமுடி என்று முகத்தில் ஏதாவது மாறினால் படமும் மாற வேண்டும். வாரம் ஒன்று மாற்றினால் பட்டியலில் உங்களைத் தேடுகிறவர் நிறத்தை வைத்துத் தேட முடியாமல் தடுமாறுவார். எட்டு வருடம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

நான் லிங்க்ட்இனிலும் மின்னஞ்சலிலும் குரூப் போட்டோத் துண்டையே வைத்துவிட்டேன். தோளில் இருக்கும் நான்கு விரல்களை அழிக்க முயன்று, சட்டைக் காலர் கோணலாகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டேன். வட்டமாக நறுக்கிய பிறகு இரண்டு விரல்தான் தெரிகிறது. வாட்ஸ்அப்பிலும் அதையே வைத்தேன். வைத்த அரை மணி நேரத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு. உடம்பு சரியில்லையா, முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கிறது, பழைய படத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாய் என்று பத்து நிமிடம். 102 மாணவர்களைப் பற்றி அம்மாவிடம் பேச முடியாது. எட்டு வருடத்துக்கு முந்தைய முகம் வாட்ஸ்அப்பில் மட்டும் திரும்ப வந்திருக்கிறது, தொடர்புகளில் இருப்பவர்களுக்கு மட்டும்.